ரெண்டுமே 8ஏ, ஆனா சுருதி சேரலை

இன்னைக்கு ஹவுஸ் மியூசிக் மிக்ஸ் பண்றதைப் பத்திப் பேசலாம். முதல்ல நான் சொதப்பின கதை.

நெருங்கிய நண்பன் ஒருத்தன் வேலைக்காக வெளிநாடு கிளம்பினான். கிளம்பறதுக்கு முந்தின சனிக்கிழமை மொட்டை மாடியில பார்ட்டி. "பாட்டு நீதான் போடணும் மச்சி"ன்னு சொல்லிட்டான். அவனுக்கு ரொம்பப் பிடிச்ச ஒரு ட்ராக்கைக் கடைசிக்குன்னு எடுத்து வச்சிருந்தேன். அதோட வேகம் 122 பிபிஎம். அப்போ ஓடிட்டிருந்த ட்ராக் 126. சாஃப்ட்வேர் ரெண்டுக்குமே 8ஏன்னு காட்டுச்சு. சரி, பிரச்சினையே இல்லைன்னு 122ஐ 126க்கு ஏத்திட்டேன்.

பீட் கச்சிதமா உட்கார்ந்துச்சு. ஆனா குரல் உள்ள வந்ததும் காதுல ஏதோ உறுத்தல். ஆடிட்டிருந்தவங்க ஒவ்வொருத்தரா தண்ணி குடிக்கப் போயிட்டாங்க. அவன் பக்கத்துல வந்து, "என்ன மச்சி, என் பாட்டு என்னமோ மாதிரி கேக்குது?"ன்னான். எனக்குப் பதில் தெரியலை.

ஹவுஸ் இசை பிறந்தது சிகாகோவுல. 1977ல தொடங்கின வேர்ஹவுஸ் கிளப்ல ஃப்ராங்கி நக்கிள்ஸ் ரெக்கார்டுகளை ஒண்ணோட ஒண்ணு கோத்து விடிய விடிய ஆட வச்சார். நாலு அடிக்கும் கிக் விழும், வேகம் பெரும்பாலும் 120ல இருந்து 130 பிபிஎம்முக்குள்ள இருக்கும். அதனால தாளத்தைச் சேர்க்கறது சுலபம். சுருதிதான் மாட்டிவிடும்.

8ஏங்கறது கேம்லாட் வீல்ல வர்ற குறியீடு. 12 எண் போட்ட கடிகாரம்னு நினைச்சுக்குங்க. ஏன்னா மைனர், பின்னா மேஜர். 8ஏங்கறது ஏ மைனர், நம்ம ஊர் கணக்குல ஆறு கட்டை. அங்கிருந்து 7ஏ, 9ஏ, 8பி மூணுக்கும் தைரியமா போகலாம். பக்கத்து எண்ணுக்குப் போனா ஏழு ஸ்வரத்துல ஒண்ணுதான் மாறும். 8பிக்குப் போனா ஏழும் அதேதான்.

அப்புறம் ஏன் என் மிக்ஸ் சொதப்புச்சு? கீ லாக் ஆஃப்ல இருந்துச்சு. அது ஆஃப்ல இருந்தா, வேகத்தைக் கூட்டும்போது சுருதியும் சேர்ந்து ஏறும். 122ல இருந்து 126க்குப் போறது சுமார் 3.3 சதவீதம். 440 ஹெர்ட்ஸ்ல இருக்கற ஏ, 454 பக்கம் போயிடும். அடுத்த அரைக்கட்டை 466. அதாவது என் நண்பனோட பாட்டு அங்கேயும் இல்லாம இங்கேயும் இல்லாம நடுவுல நின்னுச்சு. திரையில 8ஏன்னு இருந்தது ஒரிஜினல் வேகத்துக்கான கணக்கு. கிட்டத்தட்ட 6 சதவீதம் ஏத்தினா முழுசா அரைக்கட்டை மாறி 8ஏவே 3ஏ ஆயிடும்.

இப்போ நான் செய்யறது இதுதான். கீ லாக்கை ஆன் பண்ணிடுவேன். ஆனா அதை நம்பி ரொம்ப இழுத்தா சத்தம் கரகரக்கும். அதனால 122ல இருந்து நேரா 126க்குத் தாவாம, நடுவுல 124ல ஒரு ட்ராக் வைப்பேன். ரெண்டாவது, நிறைய ஹவுஸ் ட்ராக்ல ஆரம்பத்துல வெறும் ட்ரம்ஸ்தான் இருக்கும். 32 பார் இருந்தா 124 பிபிஎம்ல ஏறக்குறைய ஒரு நிமிஷம். அங்க மோதறதுக்கு ஸ்வரமே இல்லை, கீ சேராட்டியும் தப்பிச்சுக்கலாம். மூணாவது, ரெண்டு பேஸும் ஒண்ணா ஓடக்கூடாது. ஒண்ணைக் குறைச்சிட்டுத்தான் இன்னொண்ணைத் திறக்கணும்.

முக்கியமா, ஹெட்போன்ல கேட்டுட்டுத்தான் வெளிய விடணும். சாஃப்ட்வேர் மேஜரை மைனர்னு தப்பா காட்டறதும் உண்டு. கோட் எழுதற நமக்கு, திரையில நம்பர் வந்தா நம்பிடற பழக்கம். அன்னைக்கு என் காது தப்புன்னு சொல்லுச்சு. நான் திரையைத்தான் நம்பினேன்.

அந்த மிக்ஸைத் திரும்பச் செஞ்சு அவனுக்கு அனுப்பினேன். "இதை அன்னைக்கே போட்டிருக்கலாம்ல?"ன்னு பதில் வந்துச்சு. நியாயமான கேள்விதான்.

உங்களுக்கு ஒரு வேலை: ஒரே கீல இருக்கற ரெண்டு ட்ராக் எடுங்க, கீ லாக்கை ஆஃப் பண்ணி ஒண்ணை 3 சதவீதம் ஏத்திக் கேளுங்க. ஒரு தடவை கேட்டா மறக்காது. அடுத்த எபிசோட்ல பார்ப்போம்.