விதைக்கு முன்னாடி உழவு

நான் பத்தாவது வரை படித்தவள். மைக் பிடித்துப் பேசுவது இதுதான் முதல் தடவை. தப்பு இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்களுக்கு ஒன்றரை ஏக்கர் மானாவாரி கரிசல். நம்ம பெரம்பலூர் மாவட்டத்தில் பலரையும் போல எங்களுக்கும் பருத்தி, மக்காச்சோளம்தான். 2018-ல் படைப்புழு வந்தது யாருக்கும் மறந்திருக்காது. குருத்தைப் பிரித்தால் மரத்தூள் மாதிரி புழு எச்சம். மூணு தடவை மருந்து அடித்தோம். கிடைத்தது ஆறு மூட்டை. குழுவில் வாங்கிய இருபதாயிரத்துக்குத் தவணை கட்ட முடியலை. வெட்கப்பட்டு கூட்டத்துக்கே போகாமல் இருந்தேன். ஒரு நாள் ஊக்குநர் அக்கா வாசலில் வந்து நின்றாங்க. "பணம் கேட்க வரலைம்மா, உன்னைக் காணோமேன்னு வந்தேன்" என்றாங்க. அழுதுட்டேன்.

அந்த மாசம் வேளாண்மைத் துறைப் பயிற்சிக்கு அவங்களே கூட்டிட்டுப் போனாங்க. செடியைத் தின்ற புழு மண்ணுக்குள் இறங்கிக் கூட்டுப்புழுவாகிறது என்று அங்கேதான் தெரிந்தது. நாங்களோ தட்டையை அறுத்ததும் நிலத்தை அப்படியே போட்டுவிட்டு, ஆவணியில் ரோட்டவேட்டர் ஒரு ஓட்டு ஓட்டி விதைப்போம். அது மேல் மண்ணைத்தான் கிளறும்.

சித்திரையில் உழவுக்குக் கடன் கேட்டேன். "பழசே நிக்குது" என்று ஒரு அக்கா சொன்னாங்க. சொன்னது நியாயம்தான். ஊக்குநர் அக்கா பொறுப்பேற்ற பிறகு மூவாயிரம் கொடுத்தாங்க. வீட்டுக்காரர், "வெறும் நிலத்துல காசைக் கொட்டுறியா?" என்று சத்தம் போட்டார். கோடை மழை பெய்த ஈரத்தில் சரிவுக்குக் குறுக்கே சட்டிக் கலப்பையால் ஆழமாக உழுதோம். டிராக்டர் பின்னாடியே கொக்கும் மைனாவும் வந்து கூட்டுப்புழுவைக் கொத்தின. அதைப் பார்த்த பிறகுதான் அவர் வாயை மூடினார்.

அப்புறம் செய்ததைச் சொல்கிறேன். ஏக்கருக்கு 5 டன் மக்கிய தொழு உரம் போடச் சொன்னாங்க. எங்கள் குப்பையில் பாதிதான் இருந்தது, அதைப் போட்டோம். பச்சைச் சாணி போடக் கூடாது, களையும் வெள்ளைப் புழுவும் வரும். கடைசி உழவில் ஏக்கருக்கு 100 கிலோ வேப்பம்புண்ணாக்கு. இரண்டடிக்கு ஒரு பார். செடிக்குச் செடி ஒரு சாணுக்குக் கொஞ்சம் கூட. மக்காச்சோளம் தண்ணீர் தேங்கினால் மஞ்சளாகிவிடும், அதனால் மழைத்தண்ணி வெளியேற ஓரத்தில் வாய்க்கால். வரப்போரம் தட்டைப்பயறும் எள்ளும் போட்டோம்.

புழு வரவே இல்லை என்று பொய் சொல்ல மாட்டேன். வந்தது, ஆனால் குறைவு. ஒரு தடவைதான் மருந்து அடித்தோம். இருபத்தெட்டு மூட்டை கண்டோம். பழைய கடன், புதுக் கடன் இரண்டையும் பங்குனிக்குள் கட்டிவிட்டேன்.

முடிக்கும் முன் கூட்டமைப்புக்கு ஒரு வேண்டுகோள். விதைக்கும் உரத்துக்கும் ஆடியில் கடன் கொடுக்கிறோம். உழவுக்குச் சித்திரையிலேயே கொடுங்கள். அடுத்தடுத்த காட்டுக்காரங்க சேர்ந்து உழுதால் டிராக்டர் வாடகையும் குறையும். என் காட்டை மட்டும் உழுது பிரயோசனமில்லை, பக்கத்துக் காட்டுப் புழுவுக்கு வரப்பு தெரியாது.