நாடக ஆசான் சங்கரதாஸ் சுவாமிகள்



விக்டோரியா மகாராணியார் காலத்துத் தமிழ் நாடகாசிரியர் யார் என்று கேட்டால், கற்றோர் நாவில் முதலில் எழுவது ‘மனோன்மணீயம்’ சுந்தரம் பிள்ளையின் பெயரே. 1891இல் வெளிவந்த அந்நூல் படித்து இன்புறுதற்குரியது. அதே ஆண்டில், தூத்துக்குடி உப்பளத்தில் கணக்கெழுதிக்கொண்டிருந்த இருபத்து நான்கு வயது இளைஞர் ஒருவர் அப்பணியைத் துறந்து நாடக மேடை ஏறினார். காட்டுநாயக்கன்பட்டியில் 1867இல் பிறந்த அவரே பின்னாளில் தவத்திரு சங்கரதாஸ் சுவாமிகள் எனப் போற்றப்பட்டார்.

அவர் கண்ட மேடையில் நடிகர் வாய்க்கு வந்ததே வசனம். அதற்கு வரம்பு கட்டிப் பாட்டும் உரையாடலும் வகுத்துத் தந்தவர் சுவாமிகள். ‘வள்ளி திருமணம்’, ‘பவளக்கொடி’, ‘சத்தியவான் சாவித்திரி’ முதலியன அவ்வாறு பிறந்தவை. ஷேக்ஸ்பியரின் ‘சிம்பலின்’ நாடகத்தையும் தமிழ் மேடைக்கு ஏற்ப ஆக்கினார். 1918இல் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையை நிறுவிச் சிறுவரைப் பயிற்றினார். அம்மாணவருள் ஒருவரான டி.கே. சண்முகத்துக்கென ‘அபிமன்யு சுந்தரி’யை ஒரே இரவில் எழுதி முடித்தார் என்பதை அக்கலைஞரே பதிவு செய்துள்ளார்.

அறுபதுக்கும் மேற்பட்ட நாடகங்களை அவர் பெயரால் பட்டியலிடுவர். நூல் வடிவில் கிடைப்பவை அவற்றுள் சிலவே. ஆயினும் ஸ்பெஷல் நாடக மரபைப் பாருங்கள். வெவ்வேறு ஊர்களிலிருந்து வரும் நடிகர்கள் ஒத்திகையின்றி ஓரிரவில் கூடி ‘வள்ளி திருமண’த்தை நடத்திவிடுகின்றனர். சுவாமிகளின் பாடம் அவர்கள் அனைவர்க்கும் பொதுச் சொத்தாக இருப்பதே காரணம். ஏட்டில் இழந்ததை நாக்கு காத்தது!

கொங்கு நாட்டுக்கு இதில் உரிமைப் பங்குண்டு. தண்டபாணி சுவாமிகளிடம் சுவாமிகளோடு ஒருசாலை மாணாக்கராய்ப் பயின்றவர் உடுமலை முத்துசாமிக் கவிராயர். அக்கவிராயரின் மாணவரே, 1899இல் பூளவாடியில் பிறந்த உடுமலை நாராயணகவி. மேடைப் பாட்டின் எளிமையையும் ஓசையையும் திரைப்பாட்டுக்குக் கொண்டுசென்று, சீர்திருத்தக் கருத்துகளைப் பாமரர் செவியில் சேர்த்தவர் அவர். உடுமலையில் அவருக்கு மணிமண்டபம் எழுந்துள்ளது. சுவாமிகளிடம் பயின்ற டி.கே.எஸ். சகோதரர்கள் 1944இல் ஈரோட்டில் நாடகக் கலை மாநாட்டைக் கூட்டியதும் இவ்வழி வந்த பெருமையே.

1922ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 13ஆம் நாள் சுவாமிகள் புதுவையில் மறைந்தார். இலக்கிய வரலாற்று நூல்கள் புலவர் வரிசையில் அவருக்குத் தந்த இடம் சிறிது. கூத்தாடிகளுக்கு எழுதியவர் என்ற ஏளனமே அதன் காரணம். அக்குறையைப் போக்கும் கடமை கவிஞர்களுக்கு உண்டு. எஞ்சிய நடிகர்களின் நினைவில் உள்ள பாடல்கள் அவர்கள் காலத்திலேயே தொகுக்கப்பட வேண்டும். எழுத்தறியாத உழவரும் விடிய விடிய அமர்ந்து கேட்ட தமிழ் அது. அத்தகைய செவியைப் பெறுவதைவிடக் கவிஞனுக்கு வேறு பேறு உண்டோ?

வாழ்க சுவாமிகள் புகழ்! வெல்க தமிழ் நாடகம்!