குரல் வந்து சேரும் நேரம்



புதுக்கோட்டை மாவட்டத்துச் சிற்றூர்களிலிருந்து சிங்கப்பூருக்குப் பிழைக்கச் சென்றோர் பலர். அறந்தாங்கிப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் திண்ணையில் அமர்ந்திருக்கும் ஒரு தாய், தன் மகனோடு இணையவழித் தொலைபேசியில் பேசுவதாகக் கொள்வோம். "சாப்பிட்டாயா, தம்பி?" என்று கேட்கிறாள். விடை வரவில்லை. மீண்டும் கேட்கிறாள், அதே நொடியில் முதல் கேள்விக்குரிய விடை வந்து மோதுகிறது. இருவரும் நிறுத்துகின்றனர், இருவரும் ஒருங்கே தொடங்குகின்றனர். மகனுக்குப் பேச மனமில்லை போலும் என்று தாய் எண்ணிவிடுகிறாள். குற்றம் மகனுடையதன்று, குரல் வழியில் தங்கிவிட்டது. அத்தாமதத்தை அளப்பது எவ்வாறு என்பதை இன்று காண்போம்.

இணையவழித் தொலைபேசி நம் குரலைச் சிறு சிறு பொட்டலங்களாக்கி அனுப்புகிறது. பெரும்பாலும் ஒரு பொட்டலத்தில் 20 மில்லி விநாடிப் பேச்சு அடங்கும். விநாடிக்கு 50 பொட்டலங்கள் புறப்படும். ஒரு திசைத் தாமதம் 150 மில்லி விநாடிக்குள் இருந்தால் உரையாடல் இயல்பாக நடக்கும் என்றும், 400-ஐத் தாண்டலாகாது என்றும் பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியம் தன் ஜி.114 பரிந்துரையில் கூறுகிறது.

தூரமே தாமதத்திற்குக் காரணமா? கணக்கிட்டுப் பார்ப்போம். கண்ணாடி இழையில் ஒளி விநாடிக்குச் சுமார் 2,00,000 கிலோமீட்டர் செல்கிறது. சென்னையையும் சிங்கப்பூரையும் இணைத்து 2002-இல் அமைந்த ஐ-டூ-ஐ கடலடிக் கம்பியின் நீளம் ஏறத்தாழ 3,200 கிலோமீட்டர். அதைக் கடக்க 16 மில்லி விநாடி போதும். ஆகவே தாமதம் அரை விநாடியாக நீண்டால், கடலைக் குறை சொல்வது பொருந்தாது. வீட்டிலோ, வழியிலோ, அழைப்பை இணைத்துவைக்கும் சர்வர் கணினியிலோ எங்கோ நெரிசல் இருக்கிறது. எங்கே என்பதுதான் வினா.

குடுமியான்மலை போன்றதொரு குன்றின் எதிரே நின்று நீங்கள் கூவுகிறீர்கள். ஒரு விநாடி கழித்து எதிரொலி வருகிறது. ஒலி விநாடிக்குச் சுமார் 340 மீட்டர் செல்வதால், குன்று 170 மீட்டர் தொலைவில் உள்ளது என்று அறிகிறீர்கள். இம்முறையைக் கணினிக்குக் கொண்டுவந்தவர் அமெரிக்கரான மைக் மூஸ். நீர்மூழ்கிக் கப்பலைத் தேடும் சோனார்க் கருவியின் ஓசையை நினைந்து, 1983 டிசம்பரில் தாம் எழுதிய நிரலுக்குப் 'பிங்' என்று பெயரிட்டார். அது ஒரு பொட்டலத்தை அனுப்பி, விடை திரும்பும் காலத்தைக் கூறும்.

ஆனால் ஒரு முறை அளந்து தீர்ப்புச் சொல்லலாகாது. ஒரு முறை நாடி பார்த்து நோயை முடிவு செய்வாருண்டோ? இதற்காகவே சுவிட்சர்லாந்துக்காரரான டோபியாஸ் ஓட்டிக்கர் 'ஸ்மோக்பிங்' என்ற கருவியை அமைத்தார். இதைப் பழைய லினக்ஸ் கணினியிலும் நிறுவலாம். இதன் அமைப்புக் கோப்பில் நாம் முக்கியமாகக் கூறவேண்டியவை இரண்டு: எவ்வாறு கேட்பது, யாரைக் கேட்பது. வேறு கட்டளை இல்லையெனில், 5 நிமிடத்திற்கு ஒரு முறை 20 பொட்டலங்களை அது அனுப்பும். ஒரு நாளில் ஓர் இலக்குக்கு 5,760 அளவுகள் சேரும்.

இருபதில் 19 விடைகள் 40 மில்லி விநாடியிலும், ஒன்று மட்டும் 840-லும் வந்தன என்று கொள்வோம். சராசரி 80 ஆகிவிடும். உண்மை நிலையை அது காட்டாது. வரிசைப்படுத்தி நடுவில் நிற்கும் எண்ணோ 40 தான். ஸ்மோக்பிங் அந்த இடைநிலை எண்ணைக் கோடாகவும், மற்றவற்றின் சிதறலைச் சாம்பல் நிறப் புகையாகவும் வரைகிறது. புகை அடர்ந்து பரவினால் பொட்டலங்கள் ஒழுங்கின்றி வருகின்றன என்று பொருள். பேச்சு விட்டுவிட்டுக் கேட்கும். விடை வராமற்போன பொட்டலங்களைக் கோட்டின் நிறம் உணர்த்தும்.

இலக்குகளைத் தேர்வதிலேதான் நுட்பம் உள்ளது. வீட்டு ரௌட்டர், இணைய நிறுவனத்தின் முதல் நிலையம், தொலைபேசி சர்வர் என்ற மூன்றையும் எழுதுக. ரௌட்டரிலேயே புகை எழுந்தால், குறை நம் வீட்டில். இரண்டாவதில் தோன்றி மூன்றாவதிலும் தொடர்ந்தால், குறை வழியில். நடு நிலையம் மட்டும் மந்தமாக விடையளித்து, கடைசி இலக்கு விரைந்து விடையளித்தால் கவலை வேண்டா. பல நிலையங்கள் இத்தகைய கேள்விக்குப் பிந்தியே விடை தரும்.

இன்னும் ஒன்று. பிங்குக்கு விடை தருவது சர்வரின் இயங்குதளம். தொலைபேசி நிரல் அன்று. வாயிற்காவலர் விழித்திருப்பதால் உள்ளே அலுவலரும் விழித்திருக்கிறார் என்று கொள்ள முடியுமா? எஸ்.ஐ.பி. நெறிமுறையில் 'ஆப்ஷன்ஸ்' என்றொரு செய்தி உண்டு. அதற்குத் தொலைபேசி நிரலே விடை கூறவேண்டும். 'சிப்சாக்' என்னும் துணைக் கருவியால் இதையும் ஸ்மோக்பிங் அளக்கும். பிங் விரைந்தும் ஆப்ஷன்ஸ் தயங்கியும் வந்தால், பாதை நன்று, பளு சர்வரில். எனினும் பல அமைப்புகளில் சர்வர் அழைப்பை இணைத்துவிட்டு விலகிவிடும். குரல் வேறு வழியே செல்லும். அப்போது அவ்வழியையும் தனியே அளக்கவேண்டும்.

மாணவர்களே, உங்கள் கல்லூரியின் இசைவு பெற்று, ஒரு வாரம் இதனை அளந்து பாருங்கள். மாலையில் எழும் புகையையும் விடியலில் தெளியும் கோட்டையும் ஒப்பிடுங்கள். "இணையம் சரியில்லை" என்று முறையிடுவோர் பலர். எந்த நேரத்தில், எந்த இடத்தில், எத்தனை மில்லி விநாடி என்று எடுத்துக்காட்டுவோர் சிலரே. அச்சிலரின் முறையீட்டைத் தள்ளிவிடுதல் எளிதன்று. அளந்தறிந்த குறையைத் திருத்தலாம். அளவாமல் விட்டால், பழி பேசுவோர் மீதே விழும்.