போகி நெருப்பில் எதைப் போடப்போகிறோம்?

(மார்கழி மாதக் கூட்டமைப்புக் கூட்டத்தில் கள ஒருங்கிணைப்பாளர் பேசியதன் எழுத்து வடிவம்)



சேமிப்பு, உள்கடன், வங்கிக் கடன் எல்லாம் பேசி முடித்துவிட்டோம். கிளம்புகிற நேரத்தில் இன்னொரு பேச்சா என்று நினைக்காதீங்க. போகிக்கு இன்னும் பத்து நாள்தான் இருக்கிறது. வெள்ளையடிப்பது, பரண் மேல் இருப்பதை இறக்கித் துடைப்பது என்று உங்கள் வீடுகளில் வேலை ஆரம்பித்திருக்கும். அதனால் இதை இன்றைக்கே பேசவேண்டும்.

போன போகிக்கு வாசலில் என்னென்ன எரித்தீர்கள் என்று சற்று முன் கேட்டேன். ஒரு அக்கா எழுந்து, "பழைய பாய், விளக்குமாறு, கயிறு. எங்க அம்மா காலத்துல எரிச்சதைத்தான் நாங்களும் எரிக்கிறோம். இதுல என்ன தப்பு?" என்று கேட்டார். நல்ல கேள்வி.

அம்மா காலத்துப் பாய் கோரைப்பாய். விளக்குமாறு தென்னை ஈர்க்கு. கயிறு தேங்காய் நார். கூடை மூங்கில். எல்லாம் காட்டிலும் தோப்பிலும் விளைந்தவை. எரிந்தால் சாம்பலாகிக் குப்பைக்குழிக்குப் போகும், பிறகு வயலுக்குப் போகும். இன்றைக்குப் பாய் பிளாஸ்டிக், கயிறு நைலான், குடம் பிளாஸ்டிக், சேலை பாலியஸ்டர். கூடவே உரச்சாக்கு, பிள்ளைகளின் பழைய செருப்பு, பள்ளிக்கூடப் பை. பெயர் அதேதான், பொருள் வேறு. வழக்கம் மாறவில்லை, நெருப்பில் விழுவது மாறிவிட்டது. இது போதாதென்று டயர் வேறு. மார்கழி பிறந்ததுமே நம்ம பசங்க பஞ்சர் கடையில் சைக்கிள் டயரை வாங்கி வந்து மாட்டுக்கொட்டகைக்குப் பின்னால் ஒளித்து வைத்துவிடுகிறார்கள், இல்லீங்களா?

இந்த மாதத்துப் புகைக்கு ஒரு குணம் உண்டு. மார்கழி, தை விடியற்காலையில் தரையை ஒட்டிய காற்று குளிர்ந்து கனமாக இருக்கும். மேலே இருப்பது அதைவிடச் சூடான காற்று. புகை மேலே போக வழியில்லாமல் பனியோடு சேர்ந்து கூரை மட்டத்திலேயே தங்கிவிடும். 2018 ஜனவரி 13, போகி அன்று சென்னையில் இப்படித்தான் ஆனது. புகையும் பனியும் சேர்ந்து ஓடுபாதை தெரியாமல் விமானங்கள் தாமதமாயின, சில விமானங்கள் வேறு ஊருக்குத் திருப்பிவிடப்பட்டன. விமானமே இறங்க முடியாத புகை, தொட்டிலில் கிடக்கிற பிள்ளையை என்ன செய்யும்?

நான் போய்வருகிற ஒரு ஊரில் நடந்ததைச் சொல்கிறேன். போன போகிக்கு ஒரு குழு உறுப்பினர் வீட்டு வாசலில் டயர் எரித்தார்கள். அவருடைய பேரனுக்கு மூன்று வயது, ஏற்கெனவே வீசிங் உள்ள பிள்ளை. விடிவதற்குள் மூச்சு இழுக்க ஆரம்பித்துவிட்டது. ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்கு ஓடினார்கள். ஊரெல்லாம் பொங்கல் வைத்தபோது அந்த அம்மா ஆஸ்பத்திரி வராண்டாவில் உட்கார்ந்திருந்தார். பிள்ளை பிழைத்துக்கொண்டான். செலவுக்குக் குழுவில் 2,000 ரூபாய் உள்கடன் வாங்கினார். அடுத்த கூட்டத்தில் அவர் சொன்னது என் காதிலேயே இருக்கிறது: "டயர் சும்மா கெடைச்சுதுன்னு எரிச்சோம். இப்போ அந்தப் புகைக்கு நான் வட்டி கட்டிக்கிட்டு இருக்கேன்."

கண்ணுக்குத் தெரியாத வட்டியும் உண்டு. பி.வி.சி. பைப், வயர், ரெக்சின் மாதிரிப் பொருள்களை எரித்தால் டையாக்சின் என்ற நச்சு வரும். அது புல்லில் படியும். புல்லை மாடு மேயும். மாட்டின் பால் கொழுப்பில் அது சேரும். அந்தப் பாலைத்தான் நம் பிள்ளைகளுக்குக் காய்ச்சிக் கொடுக்கிறோம். எரித்தது எங்கேயும் போகவில்லை, சுற்றி நம் வீட்டுக்கே வருகிறது.

அப்படியானால் போகியே வேண்டாமா? நான் அப்படிச் சொல்லவில்லை. பரணில் இருந்து இறக்கும்போதே பிரித்துப் போடுங்கள்.

பருத்திச் சேலை, வேட்டி: தையல் தெரிந்த உறுப்பினரிடம் கொடுத்துப் பை தைக்கலாம். கிழிந்தது மிதியடிக்கு ஆகும்.

உடைந்த குடம், வாளி, இரும்பு, பேப்பர்: பழைய சாமான்காரரிடம் எடைக்குப் போடுங்கள். அவர் எடுக்காத பிளாஸ்டிக்கைக் கழுவிக் காயவைத்துத் தூய்மைக் காவலரிடம் தனியாகக் கொடுங்கள்.

டியூப் லைட், பேட்டரி, பூச்சிமருந்து டப்பா: இவை நெருப்புக்குப் பக்கத்திலேயே போகக்கூடாது. டியூப் லைட்டில் பாதரசம் இருக்கிறது. பேட்டரி வெடிக்கும். மருந்து டப்பாவில் தண்ணீர் பிடித்து வைப்பதும் கூடாது.

மிச்சம் இருக்கும் ஓலை, கோரை, ஈர்க்கு மட்டும் நெருப்புக்கு. அதுவும் வாசலுக்கு வாசல் வேண்டாம். தெருவுக்கு ஒன்று, வீடுகளைத் தள்ளி, சின்னதாக. பிள்ளைகளும் அங்கே தப்பு கொட்டட்டும்.

கொங்குப் பக்கத்தில் போகி அன்று வேப்பிலை, ஆவாரம்பூ, பூளைப்பூ வைத்துக் காப்புக் கட்டுகிறார்கள். அதில் புகையும் இல்லை, குப்பையும் இல்லை. நம் பழக்கத்திலேயே நல்ல வழி இருக்கிறது.

பொங்கல் விருந்துக்கும் ஒரு வார்த்தை. பிளாஸ்டிக் பூசிய பேப்பர் தட்டு, கப், கேரி பை எல்லாம் 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் தடை செய்யப்பட்டவை. சாப்பாடு ஒட்டிய அந்தத் தட்டை மாடு தின்றால், பிளாஸ்டிக் வயிற்றிலேயே தங்கிவிடும். மாட்டுப் பொங்கலுக்கு மாலை போட்டுவிட்டு மறுநாள் பிளாஸ்டிக்கைத் தின்னவிடலாமா? வாழை இலை இருக்கிறது. டம்ளர் பத்தவில்லை என்றால் குழு நிதியில் எவர்சில்வர் தட்டும் டம்ளரும் வாங்கி வையுங்கள். காதுகுத்து, வளைகாப்புக்கு வாடகைக்கு விட்டால் குழுவுக்கும் வருமானம்.

கடைசியாக ஒன்று. வீட்டைச் சுத்தம் செய்வது பெண்கள், டயர் கொளுத்துவது ஆண்பிள்ளைகள் என்று இருந்தால் இது நடக்காது. இந்தப் பொறுப்பையும் நம் தலையில் மட்டும் ஏற்றிக்கொள்ள வேண்டாம். ராத்திரி சாப்பாட்டு நேரத்தில் வீட்டுக்காரரிடமும் மகனிடமும் பேசுங்கள். ஊக்குநரும் பிரதிநிதியும் நாளைக்கே பஞ்சர் கடைக்காரரைப் பார்த்து, "பசங்களுக்கு டயர் கொடுக்காதீங்க அண்ணா" என்று சொல்லுங்கள். இந்த வாரக் குழுக் கூட்டத்தில் "எங்கள் தெருவில் டயரும் பிளாஸ்டிக்கும் எரிக்கமாட்டோம்" என்று தீர்மானப் புத்தகத்தில் எழுதி எல்லோரும் கையெழுத்துப் போடுங்கள். கடன் தீர்மானத்தை எப்படிக் காப்பாற்றுகிறோமோ, அப்படி இதையும் காப்பாற்றுவோம்.

பொங்கல் முடிந்து தை மாதக் கூட்டத்துக்கு வரும்போது உங்கள் தெருவில் என்ன நடந்தது என்று நீங்கள் சொல்லவேண்டும், நான் கேட்டுக்கொள்கிறேன். எல்லோருக்கும் புகையில்லாத போகி வாழ்த்துகள், இனிய பொங்கல் வாழ்த்துகள்.