அடிபடாமலே உடம்பு கன்றினால்

(தோட்ட மகளிர் அணிக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



மலையில் வேலை செய்கிற நமக்கு உடம்பு கன்றிப் போவது புதிதல்ல. வாது இடிக்கும், வழுக்கி விழுவோம். தோலுக்கு அடியிலுள்ள சின்ன இரத்தக் குழாய் உடைந்து இரத்தம் கசிவதால்தான் அந்த இடம் நீலம் பாய்கிறது. பிறகு பச்சையாகி, மஞ்சளாகி, இரண்டு கிழமைக்குள் பெரும்பாலும் மறைந்துவிடும். முதல் நாள் ஈரத்துணி வைத்தால் போதும். எண்ணெய் போட்டு அழுத்தித் தேய்க்க வேண்டாம்.

ஆனால் அடிபடாமலே கன்றினால்? அடிக்கடி புதிதாக வந்தால்? தோலில் ஊசி குத்தியது போலச் சிவப்புப் புள்ளிகள் தெரிந்தால்? அப்போது கோளாறு தோலில் இல்லாமல் இரத்தத்தில் இருக்கலாம். இரத்தத்தை உறைய வைக்கும் பிளேட்லட் அணுக்கள் ஒரு மைக்ரோலீற்றரில் 150,000க்குக் குறையாமல் இருக்க வேண்டும். டெங்கு, ஈரல் நோய், இரத்தப் புற்றுநோய் போன்றவற்றில் அவை குறையும். இருதய நோய்க்குக் குடிக்கும் அஸ்பிரின், வார்பரின் மாத்திரைகளாலும் உடம்பு கன்றும். அதற்காக மாத்திரையை நாமாக நிறுத்தக்கூடாது. கிளினிக்கில் சொல்ல வேண்டும்.

பலர் கடன் வாங்கி, தோல் வைத்திய நிபுணரைத் தேடி டவுனுக்குப் போகிறோம். முதலில் அரசாங்க ஆஸ்பத்திரியின் வெளிநோயாளர் பிரிவுக்குப் போவோம். அங்கே காசு இல்லை. இரத்தப் பரிசோதனையில் குறை தெரிந்தால் பெரியவர்களைப் பொது வைத்திய நிபுணரிடமும், பிள்ளைகளைச் சிறுவர் நோய் நிபுணரிடமும் அனுப்புவார்கள். தேவைப்பட்டால் அவர்கள் இரத்தநோய் நிபுணருக்குக் கடிதம் தருவார்கள். கிளினிக் கொப்பியையும் குடிக்கிற மாத்திரைகளையும் கையோடு கொண்டுபோங்கள்.

காய்ச்சலோடு புள்ளிகள் வந்தால், முரசில் இரத்தம் கசிந்தால், மலம் கறுப்பாகப் போனால் விடியும்வரை காத்திருக்க வேண்டாம். 1990க்கு அழைத்தால் அம்புலன்ஸ் இலவசமாக வரும். காய்ச்சலுக்குப் பரசிட்டமோல் தவிர வேறு வலி மாத்திரை கொடுக்காதீர்கள்.

இன்னொன்றையும் மறைக்காமல் பேசுவோம். சில வீடுகளில் "விழுந்துவிட்டேன்" என்று சொல்லும் காயம், விழுந்து வந்ததல்ல. அரசாங்க ஆஸ்பத்திரிகள் பலவற்றில் இதற்கென்றே "நட்பு நிலையம்" இருக்கிறது. அங்கே போகலாம், குடும்பநல மாதுவிடமும் சொல்லலாம். வெட்கப்பட வேண்டியவர் அடி வாங்கியவரல்ல.

ஒரு நாள் பேர் போய்விடுமே என்றுதான் நாம் வருத்தத்தைத் தள்ளிப்போடுகிறோம். ஆஸ்பத்திரித் துண்டைப் பத்திரமாக வைத்திருங்கள். போகவிடாமல் தடுத்தால் உடனே தோட்டத் தலைவரிடம் சொல்லுங்கள். அதைக் கேட்கத்தான் சங்கம் இருக்கிறது.