கடலில் தேடிய நற்பற்றீரியா
(கண்டிப் பகுதிக் கமக்காரர் கூட்டத்தில் ஆற்றிய பேச்சு)



மலைநாட்டில் வயலும் தோட்டமும் செய்யும் உங்களிடம் கடலைப் பற்றிப் பேச வந்திருப்பது வியப்பாகத் தோன்றலாம். ஆயினும், தோட்டத்து மூலையில் ஓடை நீரை மறித்துச் சிறு குளம் அமைத்துத் திலாப்பியாவும் கெண்டையும் வளர்ப்போர் உங்களுள் உளர். மீன் வளர்ப்போருக்கென 'நன்மை செய்யும் பற்றீரியா' என்று பெயரிட்ட தூள்களும் திரவங்களும் இன்று விற்பனைக்கு வருகின்றன. அவை எவ்வாறு கண்டெடுக்கப்படுகின்றன, எங்கே பயன்படும், எங்கே பயன்படா என்பவற்றை அறிந்த பின்னரே நீங்கள் மடியிலுள்ள பணத்தை எடுக்க வேண்டும். இதுவே இப்பேச்சின் நோக்கமாகும்.

பகையும் உறவும்

பற்றீரியா என்றதும் நோய்தான் நினைவுக்கு வரும். ஆனால், எருமைப்பாலைத் தயிராக்குவது பற்றீரியாவே. சோயாச் செடியொன்றை வேரோடு பிடுங்கிப் பாருங்கள். வேரிற் சிறு கணுக்கள் தெரியும். நன்கு வேலை செய்யும் கணுவை நகத்தாற் கீறினால் உள்ளே இளஞ்சிவப்பாக இருக்கும். அதனுள் வாழும் பற்றீரியா காற்றிலுள்ள நைதரசனைப் பிடித்துச் செடிக்குப் பசளையாக ஊட்டுகிறது. ஒரு செய்தியை இங்கே மனத்திற் கொள்ளுங்கள். சோயாவுக்குரிய பற்றீரியா வேறு, போஞ்சிக்குரியது வேறு. இடம் மாறினால் வேலை நடவாது.

உங்கள் ஊரருகே ஹந்தானையிலுள்ள தேசிய அடிப்படைக் கற்கைகள் நிறுவனத்தில், மண்ணிலிருந்து பிரித்த நுண்ணங்கிகளைக் கொண்டு நெல்வயலுக்கான உயிர்ப்பசளை ஆக்கப்பட்டது. மண்ணில் நடந்த இத்தகைய தேடலே கடலிலும் நடைபெறுகிறது.

ஏன் தேடினார்கள்?

கடலோரத்து இறாற் குஞ்சுகளைத் தாக்கும் பற்றீரியாக்களுள் விபிரியோ என்னும் இனம் கொடியது. அதன் ஒருவகை இருளில் ஒளிவிடும். இரவிலே குஞ்சுத் தொட்டியின் நீர் மங்கிய ஒளியுடன் மின்னினால், குஞ்சுகள் கூட்டமாக மடியப்போகின்றன என்று பண்ணையாளர் அஞ்சுவர். இதற்கு மருந்தாகப் பல நாடுகளில் நுண்ணுயிர்க்கொல்லி மருந்துகளைத் தொட்டி தொட்டியாகக் கொட்டினார்கள். நாளடைவில் அம்மருந்துக்கு அடங்காத பற்றீரியாக்கள் பெருகின. அவ்வாறு அடங்காத தன்மை ஒரு பற்றீரியாவிலிருந்து மற்றொன்றுக்குப் பரவவும் கூடும். அப்போது மனிதருக்கு வரும் நோயையும் மருந்தினால் தீர்க்க இயலாது போகும். ஆகவே, மருந்தால் கொல்வதை விட்டு, நல்ல பற்றீரியாவைக் குடியேற்றித் தீயதற்கு இடமில்லாமற் செய்யும் வழியை அறிஞர்கள் நாடினர். நாற்றை அடர்த்தியாக நட்ட வயலிற் களை குறைவதை நீங்கள் அறிவீர்களன்றோ?

தேடும் முறை

ஒரு மில்லிலீற்றர் கடல்நீரில் ஏறத்தாழ 10 இலட்சம் பற்றீரியாக்கள் உள்ளன. அவற்றுள் வேண்டியதைக் கண்டெடுப்பது பதர்க்குவியலில் ஒரு மணி நெல்லைத் தேடுவது போன்றது.

முதலில், நோய் பரவிய இடத்திலும் நோயின்றித் தப்பிய மீனின் குடல், நலமான குஞ்சுகள் வாழும் தொட்டிநீர், களப்புச் சேறு, கடற்பாசியின் மேற்பரப்பு ஆகியவற்றிலிருந்து மாதிரி எடுப்பர். அதனை உப்பும் உணவும் சேர்த்த ஏகார்க் கூழின் மேல் தடவுவர். கஞ்சிப்பாசியைக் காய்ச்சி ஆறவிட்டால் உறைகிறதே, அவ்வாறு உறையச் செய்யும் பொருளே ஏகார். ஓரிரு நாளிற் கூழின்மேல் புள்ளி புள்ளியாகக் கூட்டங்கள் முளைக்கும். கடலிலுள்ளவற்றுள் நூற்றுக்கு ஒன்றுகூட இவ்வாறு முளைப்பதில்லை. முளைத்தவற்றைத் தனித்தனியே பிரித்து வளர்ப்பர்.

அடுத்தது மல்லுக்கு விடும் சோதனை. கூழ் முழுவதும் நோய் விபிரியோவைப் பரப்பி, நடுவிலே தேர்ந்த பற்றீரியாவை வைப்பர். அதனைச் சுற்றி விபிரியோ வளராத தெளிந்த வளையம் தோன்றினால், அது பகையைத் தடுக்கும் பொருளைச் சுரக்கிறது என்று அறியலாம்.

வளையம் தோன்றியதும் வேலை முடிந்துவிட்டதென்று எண்ணலாகாது. கடினமான பகுதி இனிமேலேதான். அது மீனுக்கே தீங்கு செய்யுமா? குடலில் உயிர்வாழுமா? மருந்துக்கு அடங்காத தன்மையைப் பிறவற்றுக்குக் கொடுக்குமா? இவற்றைச் சோதித்த பின், ஒரேவகைக் குஞ்சும் தீனும் இட்ட தொட்டிகளுட் சிலவற்றில் மட்டும் அதனைச் சேர்த்து ஒப்பிடுவர். கூழில் வென்ற பற்றீரியாக்களுட் பல தொட்டியில் தோற்றுவிடும். பத்தலகொடையில் தோன்றும் புதிய நெல்லினமும் பல போகம் பல இடங்களிற் சோதிக்கப்பட்ட பின்னரே உங்கள் வயலுக்கு வருகின்றது. இங்கும் அந்தப் பொறுமை வேண்டும்.

கண்ட பயன்

தென்னமெரிக்காவிலுள்ள எக்குவடோர் நாட்டின் இறாற்குஞ்சு நிலையங்களில் 1992 ஆம் ஆண்டின் இறுதியிலிருந்து விபிரியோ அல்சினோலிற்றிக்கசு என்னும் கடற்பற்றீரியாவைத் தொட்டிகளிற் சேர்த்தனர். குஞ்சுகள் தப்பின, மருந்தின் தேவையும் வெகுவாகக் குறைந்தது. ஆனால், இதே பற்றீரியாவின் வேறு வகைகள் பிற இடங்களில் நோயை உண்டாக்கியுள்ளன. ஒரே குடும்பத்தில் நல்லவனும் கெட்டவனும் பிறப்பதுண்டு. ஆகவே இனப்பெயர் மட்டும் போதாது. சோதிக்கப்பட்ட வகை எது என்பதும் தெரிய வேண்டும்.

நமது அயலில், சென்னையிலுள்ள மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு ஆராய்ச்சி நிறுவனத்தாரும் கொச்சிப் பல்கலைக்கழகத்தாரும் உவர்நீரிலிருந்து சூடோமோனாசு இனப் பற்றீரியா ஒன்றைப் பிரித்து, அது இறாலைத் தாக்கும் விபிரியோக்களைத் தடுப்பதை 2006 இல் வெளியிட்டனர்.

இதற்கு எல்லையும் உண்டு. 1996 இல் புத்தளம் மாவட்டத்து இறாற் பண்ணைகளைப் பெரிதும் அழித்த வெண்புள்ளி நோய் வைரசினால் வருவது. நற்பற்றீரியாவை அதற்கு மருந்தென்று நம்பியிருத்தல் ஆகாது. அங்கே நோயற்ற குஞ்சும் நீர்க் கட்டுப்பாடுமே காவல்.

உங்கள் குளத்துக்கு என்ன?

ஒரு லீற்றர் கடல்நீரில் ஏறத்தாழ 35 கிராம் உப்பு உண்டு. கடற்பற்றீரியாக்களுட் பல உப்பின்றி வளரா. மகாவலிக் கரையிலோ மலையோடையிலோ உள்ள நன்னீர்க் குளத்தில் அவற்றை ஊற்றுவது, சேற்று வயலில் உருளைக்கிழங்கு நடுவதை ஒக்கும். எனினும் கடற்பற்றீரியா உங்களுக்கு முற்றும் அயலானதன்று. உள்நாட்டுக் குளங்களில் விடப்படும் நன்னீர் இறாலும் தன் குஞ்சுப் பருவத்தை உவர்நீரிலேயே கழிக்கிறது. கரையோர நிலையத்திலே அக்குஞ்சைக் காக்கும் பற்றீரியா, மறைமுகமாக உள்நாட்டுக் குளத்துக்கும் துணையாகும்.

ஆதலால் குளமுடையோர் பின்வருவனவற்றைக் கைக்கொள்க:

1. போத்தலை வாங்குமுன் உள்ளே இருக்கும் பற்றீரியாவின் பெயர், முடிவுத் திகதி, நன்னீரிற் சோதிக்கப்பட்டதா என்னும் விபரம் ஆகியவற்றைக் கேளுங்கள். விடை கிடையாவிடில் வாங்காதீர்கள்.

2. பற்றீரியா உயிருள்ள பொருள். வெயிலில் வைத்தாலோ குளோரீன் கலந்த குழாய்நீரிற் கரைத்தாலோ இறந்துவிடும்.

3. இரண்டு குளம் உடையவர் ஒன்றில் மட்டும் இட்டு, மற்றதனோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

4. விடியற்காலையில் மீன்கள் மேலே வந்து வாய் பிளந்தால், நீரில் ஒட்சிசன் குறைந்துள்ளது என்பது பொருள். அப்போது பற்றீரியாவை ஊற்றாதீர்கள். அதுவும் ஒட்சிசனையே உண்ணும். தீனை நிறுத்திப் புதுநீர் பாய்ச்சுங்கள்.

5. மனிதருக்குரிய நுண்ணுயிர்க்கொல்லி மருந்தை மீனுக்குக் கொடாதீர்கள்.

6. கிருமிநாசினி தெளித்த மரக்கறிப் பாத்தியின் நீர் குளத்தில் வடியாதபடி வரம்பு கட்டுங்கள். அறுவடைக்குப் பின் குளத்தை வற்றவைத்து, அடிச்சேறு வெடிக்கும்வரை காயவிட்டுச் சுண்ணாம்பு இடுங்கள்.

ஐயம் எழுந்தால் நக்டா என வழங்கும் மீன்வளர்ப்பு அதிகார சபையின் விரிவாக்க உத்தியோகத்தரை நாடுங்கள்.

பெருமக்களே, நல்ல பற்றீரியா மந்திரநீரன்று. அது ஒரு வேலையாள். எந்த நிலத்தில் எந்த வேலை தெரிந்தவன் என்று கேட்டறிந்த பின்பே ஒருவனைக் கூலிக்கு அமர்த்துகிறீர்கள். போத்தலிலுள்ள வேலையாளையும் அவ்வாறே விசாரித்து அமர்த்துங்கள்.