காத்திருக்கும் ஆண்டை மலைக்குக் கொடுங்கள்

(அலவத்துகொடவில் இளைஞரும் பெற்றோரும் கூடிய கூட்டமொன்றில் ஆற்றப்பெற்ற உரை)



இன்று நாம் எடுத்துக்கொண்ட பொருள் அரசியல் மேடைக்குப் பழக்கமானதன்று. பள்ளிப் படிப்பு முடிந்தபின், மேற்படிப்புக்கோ உத்தியோகத்துக்கோ போகுமுன் இடையில் நிற்கும் ஓராண்டில், மலையேற்றமும் ஆற்றுப் பயணமும் பாசறை வாழ்வும் சிறுவர்க்குக் கற்பிக்கும் பயிற்றுநராகப் பழகி, அதனைத் தொண்டாகச் செய்யலாமா என்பதே கேள்வி. மலையேறுவதைப் பற்றிப் பேச ஒரு வழக்கறிஞருக்கு என்ன தகுதி என்று உங்களிற் சிலர் எண்ணக்கூடும். இது வெறும் விளையாட்டுப் பற்றிய கேள்வியாயின் நாம் வந்திருக்கமாட்டோம்.

2025ஆம் ஆண்டு நவம்பர் இறுதியில் டித்வா புயல் இந்நாட்டின்மேற் கவிந்தபோது, உங்கள் பிள்ளைகள் பரீட்சை மண்டபங்களில் இருக்கவேண்டிய காலம். எஞ்சிய பாடங்கள் பின்போடப்பட்டன. நாடெங்கும் 600க்கு மேற்பட்டோர் மாண்டனர். மாவட்டங்களுள் கண்டியே மிகுந்த இழப்பைத் தாங்கிற்று. இந்த அலவத்துகொடப் பகுதியிலும் மண் சரிந்து மனிதரை மூடியதை இங்கிருப்போருக்கு நாம் சொல்லவேண்டியதில்லை. பாதைகள் அறுந்து, மின்சாரம் போய், தொலைபேசியும் ஊமையான அந்த நாட்களில் மலையகத்தின் எத்தனையோ ஊர்களில் முதலிற் கைகொடுத்தவர் அயலவர். சிங்களவர், முஸ்லிம்கள், தமிழர் என்ற பிரிவு அன்று மண்வெட்டிக்குத் தெரியவில்லை.

அவர்களிடம் துணிவு குறையவில்லை. குறைந்தது பயிற்சி. பெருகிவரும் ஓடைக்குக் குறுக்கே கயிற்றை எங்கே கட்டுவது, முறிந்த முதுகுடையவனை எப்படித் தூக்குவது, ஒரு முறை சரிந்த மலை மறுமுறையும் சரியுமா என்பதை எதனாற் காண்பது, இவற்றை எந்தப் பாடசாலை நமது பிள்ளைகளுக்குக் கற்பித்தது?

அன்பர்களே, நமது நாட்டில் இளைஞன் ஒருவன் உயர்தரப் பரீட்சை எழுதி, பெறுபேறு வந்து, வெட்டுப்புள்ளி அறிவிக்கப்பட்டு, பல்கலைக்கழக வாசலை மிதிக்க ஓராண்டுக்கு மேலாகிறது. இது அவன் கேட்டுப் பெற்ற ஓய்வன்று. நிருவாகம் அவன்மேற் சுமத்திய தாமதம். வசதியுள்ள வீட்டுப் பிள்ளை அந்தக் காலத்திற் கணினி வகுப்புக்கும் ஆங்கில வகுப்புக்கும் போகிறது. தோட்டத்துப் பிள்ளையோ கொழும்புக் கடைக்குப் போகிறது. போனவருட் பலர் திரும்பிப் படிப்புக்கு வருவதில்லை.

பிரித்தானியாவில் இந்த இடைவெளி ஆண்டை இளைஞர் தாமே விரும்பி எடுத்துக்கொள்வதுண்டு. அவருட் சிலர் மலையிலும் ஏரிக்கரையிலும் அமைந்த பயிற்சி நிலையங்களிற் சேர்கின்றனர். உண்டியும் உறையுளும் சிறு படியும் பெற்றுக்கொண்டு, முதலிற் கயிறு, தோணி, வரைபடம், முதலுதவி ஆகியவற்றைத் தாம் கற்கின்றனர். தேர்ச்சி பெற்றபின் பள்ளிச் சிறுவரை அழைத்துச் சென்று கற்பிக்கின்றனர். செல்வர் வீட்டுப் பொழுதுபோக்கு என்று இதனை ஒதுக்கிவிடாதீர்கள். இதன் வேர் எங்கே இருக்கிறதென்று பாருங்கள்.

கூர்ட் ஹான் என்பார் ஜேர்மனியிற் பள்ளி நடத்திய யூதர். ஹிட்லரை எதிர்த்ததனால் 1933இற் சிறைப்பட்டு, விடுதலையாகிப் பிரித்தானியா சேர்ந்தவர். 1941இல், போர் நடந்துகொண்டிருக்கையில், கப்பற் கம்பனி நடத்திய லோரன்ஸ் ஹோல்ற் என்பாருடன் சேர்ந்து வேல்ஸ் நாட்டின் அபர்டோவி என்னுமிடத்தில் ஒரு பயிற்சிப் பள்ளியைத் தொடங்கினார். கப்பல் மூழ்கடிக்கப்படும்போது இளம் மாலுமிகள் கடலிலே தாக்குப்பிடிக்கவேண்டும் என்பது அதன் முதல் நோக்கங்களுள் ஒன்று. அவுட்வேர்ட் பவுண்ட் என்ற பெயரில் அப்பள்ளி பின்னர் உலகெங்கும் கிளைத்தது. உயிர் காக்கப் பிறந்த கல்வி இது. உல்லாசம் பின்னால் வந்து ஒட்டிக்கொண்டது.

நமக்கும் இது முற்றிலும் அந்நியமன்று. நாம் கூடியிருக்கும் இந்த இடத்திலிருந்து இதே பெருந்தெருவில் வடக்கே போனால் மாத்தளை. அங்கே கிறைஸ்ட் சர்ச் கல்லூரியிலேதான் 1912இல் பிரான்சிஸ் ஜோர்ஜ் ஸ்டீவன்ஸ் இலங்கையின் முதற் சாரணர் படையை அமைத்தார். தெற்கே போனால் கண்டி. பெண் சாரணியர் இயக்கம் 1917இல் அங்கேதான் முளைத்தது. இரண்டுக்கும் நடுவே இருந்துகொண்டு, இது நமக்கு ஏன் என்று கேட்பது அழகன்று. ஆயினும் ஒன்றை ஒப்புக்கொள்ளவேண்டும். அந்தச் சீருடை நகரத்துக் கல்லூரிகளைத் தேடி வந்த வேகத்தில் தோட்டப் பாடசாலைகளின் படியேறி வரவில்லை.

நாம் கேட்கும் பயிற்சி எத்தகையது? தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவுக்கு வகுத்துள்ள அளவுகளைக் கேளுங்கள். 24 மணி நேரத்தில் 75 மில்லிமீற்றர் மழை பெய்தால் விழிப்பாயிருக்க வேண்டும். 100 ஆனால் வெளியேற ஆயத்தமாக வேண்டும். 150 ஆனால் வெளியேற வேண்டும். டித்வாவின்போது நம் மலைகளிற் பல இடங்களில் இந்த எல்லையின் இரு மடங்குக்கும் மேல் ஒரே நாளிற் கொட்டிற்று. இதனை அளக்க விஞ்ஞானக்கூடம் வேண்டியதில்லை. பக்கம் நேரான ஒரு பேணியும், மில்லிமீற்றர் குறித்த ஓர் அடிமட்டமும், மரநிழலோ கூரையோ இல்லாத ஒரு முற்றமும் போதும். காலையில் ஒரே நேரத்தில் அளந்து எழுதிவைக்கும் ஒழுங்குதான் அரிது. அந்த ஒழுங்கையே பயிற்றுநர் முதலிற் பயில்கிறார்.

மலை பேசும் மொழியும் உண்டு. நேராய் நின்ற மரம் சாய்தல், சுவரிலும் தரையிலும் புதிய வெடிப்பு, திடீரெனக் கதவு இறுகுதல், தெளிந்த ஊற்று கலங்குதல், இல்லாத இடத்தில் ஊற்றெடுத்தல், ஓடிய ஊற்று நின்றுபோதல். விவசாயப் பெருமக்களே, இவற்றுட் பாதி உங்களுக்கு முன்பே தெரியும். மிளகுக் கொடி படர்ந்த மரம் சாய்ந்தால் எவர் சொல்லி அறிந்தீர்கள்? கொழுந்து பறிக்கும் தாய்மாருக்கு எந்தச் சரிவிற் கால் வைக்கலாம் என்பதை எவரும் பாடமாகச் சொல்லவில்லை. இந்த அறிவையும் வரைபடத்தையும் திசைகாட்டியையும் முதலுதவியையும் ஒருசேரப் பெற்ற இளைஞனே நாம் வேண்டும் பயிற்றுநர். அவன் பத்துச் சிறுவரை மலைக்கு அழைத்துச் சென்றால் பத்து வீடுகளுக்கு அந்த அறிவு போகும். பிங்கா ஓயா ஆண்டுதோறும் அக்குறணைக் கடைத்தெருவுக்கு அழையா விருந்தாளியாக வருவதை வேடிக்கை பார்க்கும் பிள்ளைகளுக்கு, அது எந்த மலையிற் பிறந்து எதனால் வீங்குகிறது என்று நடந்து காட்டுவதைவிடச் சிறந்த புவியியற் பாடம் வேறு யாது?

அறிவு மட்டும் போதும் என்று நாம் சொல்லவில்லை. 2014 ஒக்டோபர் 29ஆம் நாள் கொஸ்லந்தை மீரியபெத்தைத் தோட்டத்தில் லயங்களின்மேல் மலை விழுந்தது. அவ்விடம் ஆபத்தானது, மக்களை அகற்றுங்கள் என்ற எச்சரிக்கை பல ஆண்டுகளுக்கு முன்பே கொடுக்கப்பட்டிருந்தது. எங்கே போவது? 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றவராக்கப்பட்டு, குடியுரிமை மீண்டபின்னும் தாம் குடியிருக்கும் லயத்துக்கு உரிமையற்றவராய் நிற்கும் மக்கள், எச்சரிக்கையைக் கேட்டு எந்த நிலத்துக்குப் போவார்கள்? பாதுகாப்பான காணி தரவேண்டிய கடமை அரசினுடையது; தோட்ட நிருவாகத்தினுடையது. நமது பிள்ளைகளின் தொண்டைக் காட்டி அக்கடமையிலிருந்து எவரும் நழுவிக்கொள்ள விடமாட்டோம். 2005ஆம் ஆண்டின் 13ஆம் இலக்க அனர்த்த முகாமைத்துவச் சட்டம் ஏட்டில் இருக்கிறது. அதனை நடைமுறைப்படுத்துமாறு கேட்பது நமது வேலை. மழையை அளப்பதும் நமது வேலை. ஒன்று மற்றதற்கு ஈடாகாது.

இனிச் சட்டத்தின் பக்கம் வருவோம். பெற்றோர் இதனைக் கவனமாகக் கேட்கவேண்டும்.

1993 மார்ச் 22ஆம் நாள், இங்கிலாந்தின் தென்கரையில் லைம் குடாவில், பிளிமத் நகரப் பள்ளி மாணவர் எண்மரும் அவர்தம் ஆசிரியரும் பயிற்றுநர் இருவரும் சிறு தோணிகளிற் புறப்பட்டனர். காற்று மாறிற்று; தோணிகள் கவிழ்ந்தன; உதவி வர மணிக்கணக்காயிற்று. மாணவர் நால்வர் மாண்டனர். விசாரணையில் வெளிவந்தவை நெஞ்சை உலுக்குபவை. பயிற்றுநர் இருவருக்கும் கடலிற் பிறரை அழைத்துச் செல்லப் போதிய தகுதி இல்லை. அபாயத்தை அறிவிக்கும் வெடிவாணம் அவர்களிடம் இல்லை. அதே நிலையத்தில் முன்னர் வேலை செய்தோர், இப்படியே போனால் ஒருநாள் உயிர் போகும் என்று முதலாளிக்குக் கடிதம் எழுதியிருந்தனர். 1994இல் நிருவாகப் பணிப்பாளர் சிறை சென்றார். அந்நிறுவனமும் ஆட்கொலைக் குற்றத்துக்குத் தண்டனை பெற்றது. ஆங்கிலச் சட்ட வரலாற்றில் ஒரு கம்பனி அக்குற்றத்துக்குத் தண்டிக்கப்பட்டது அதுவே முதன்முறை. 1995இல் இளையோரின் பாதுகாப்புக்கெனத் தனிச் சட்டம் வந்தது. உரிமம் இன்றி இத்தகைய நிலையம் நடத்தலாகாது என்றாயிற்று.

அங்கே குற்றவாளி யார்? குறைந்த தகுதியுடைய இளைஞனைப் பொறுப்பில் நிறுத்திய நிறுவனம். ஆகவே இளைஞர்களே, பயிற்சி முடியுமுன் பிள்ளைகளைத் தனியே அழைத்துப்போ என்று எவர் சொன்னாலும் மறுத்துவிடுங்கள். அவ்வாறு மறுப்பது கோழைத்தனமன்று. அத்தொழிலின் முதற் பாடம். பெற்றோரே, எது நேர்ந்தாலும் நாம் பொறுப்பல்ல என்று அச்சிட்ட தாளை நீட்டினால், கையொப்பமிடுமுன் சட்டமறிந்த ஒருவரிடம் காட்டுங்கள்.

தொண்டு என்ற சொல்லைப்பற்றியும் ஒரு வார்த்தை. கித்துல்கலை ஆற்றில் இரப்பர்த் தோணி ஓடுகிறது. நக்கிள்ஸ் மலைக்கு உலகெங்குமிருந்து ஆட்கள் வருகின்றனர். 2010இல் உலக மரபுரிமைப் பட்டியலில் மத்திய மலைநாடு இடம்பெற்றபோது நக்கிள்ஸும் அதிற் சேர்ந்தது. நல்லதே. அங்கே பயிலலாம், அனுபவம் பெறலாம். ஆனால் பணம் வாங்கிப் பயணிகளை அழைத்துச் செல்லும் முதலாளிக்குக் கூலியின்றி மூட்டை சுமப்பது தொண்டாகாது. அதற்கு வேறு பெயர் உண்டு. அந்தப் பெயர் நமது பாட்டன்மாருக்கு நன்றாகத் தெரியும். 1934ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க வேலையாள் நட்டஈட்டுச் சட்டம் வேலையாளுக்குத் துணைநிற்கிறது. கூலியும் கடிதமும் இன்றி நின்றவன் கால் முறிந்து கிடக்கும்போது, தான் வேலையாள்தான் என்று நிரூபிக்கவே படாதபாடு படவேண்டியிருக்கும். ஊர்ப் பிள்ளைகளுக்குக் கற்பிப்பது தொண்டு. இலாபத்துக்கு உழைப்பது வேலை. வேலைக்குச் சம்பளம் வேண்டும்.

கட்டாயத்தையும் நாம் ஏற்கோம். 2011 மே மாதத்தில், பல்கலைக்கழகம் புகவிருந்த மாணவர் தலைமைத்துவப் பயிற்சி என்ற பெயரால் மூன்று வாரம் இராணுவ முகாம்களுக்கு அழைக்கப்பட்டனர். வழக்கு உயர் நீதிமன்றம் வரை போயிற்று. உடற்பயிற்சி கெட்டதென்று எவரும் வாதிடவில்லை. போர் முடிந்து ஈராண்டே ஆகியிருந்த நிலையில், முகாமென்றால் வேறு நினைவுகள் எழும் வீடுகளிலிருந்து பிள்ளைகளைப் படைமுகாமுக்கு அழைத்ததே குறை. கூர்ட் ஹான் எந்த ஆட்சியிலிருந்து ஓடிவந்தாரோ அந்த ஆட்சியும் இளைஞரைக் காட்டுக்கும் மலைக்கும் அழைத்துத்தான் சென்றது. யார் அழைக்கிறார், எதற்காக அழைக்கிறார், மறுக்க முடியுமா என்ற மூன்றும் பார்க்கப்படவேண்டும்.

மொழியையும் விடமுடியாது. 1987இல் 13ஆம் திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கிற்று. டித்வாவின்போது தமிழில் எச்சரிக்கைகள் பிந்தின என்ற முறைப்பாடு எழுந்தது. மலை சரியும்போது மொழிபெயர்ப்பாளரைத் தேட நேரமில்லை. ஆகலின் நமது பயிற்றுநர் இரு மொழியிலும் கட்டளை சொல்லப் பழகவேண்டும்; சிங்களப் பிள்ளைகளும் நமது அணியில் இருக்கவேண்டும். பக்கத்து ஊரின் ஓடையும் நமது ஓடையும் ஒன்றே.

பெண்பிள்ளைகளை அனுப்பலாமா என்று ஒரு தாயார் கூட்டத்துக்கு முன் நம்மைக் கேட்டார். அனுப்பவேண்டும். அவர்களுக்குப் பெண் பயிற்றுநரே பொறுப்பாயிருக்க வேண்டும். தனித் தங்குமிடம் வேண்டும். எந்தப் பெரியவரும் ஒரு பிள்ளையைத் தனியே அழைத்துச் செல்லலாகாது. இந்த விதி ஆண்பிள்ளைகளுக்கும் உண்டு. பகலில் ஆடவர் வெளியே வேலைக்குப் போயிருக்கையில் மண் சரிந்தால் லயத்தில் இருப்போர் முதியவரும் குழந்தைகளும் பெண்களுமே என்பதையும் அந்தத் தாயாருக்கு நினைவூட்டினோம்.

வீட்டுக்கு ஓர் உழைப்பாளி குறைவாரே என்ற விவசாயியின் கவலை நியாயமானது. அதனாலேதான் ஓராண்டு முழுவதும் வீட்டை விட்டுப் போகும் திட்டத்தை நாம் வைக்கவில்லை. வார இறுதிகளிற் பயிற்சி. மாதத்தில் ஒரு முறை இரு நாட் பாசறை. மிளகு பறிக்கும் காலத்தில் விடுமுறை. போக்குவரத்தும் உணவும் பிள்ளையின் கையிலிருந்து போகலாகாது. அதற்கு இங்கே அமர்ந்திருக்கும் வைத்தியர்களும் ஆசிரியர்களும் வழக்கறிஞர்களும் கடை முதலாளிமாரும் கைகொடுக்க வேண்டும். நம் பங்கை நாம் இன்றே தருகிறோம்.

ஒக்டோபரில் இடைப்பருவ மழை தொடங்குமுன் முதல் அணி ஆயத்தமாக வேண்டும். பன்னிருவர் போதும். 18 வயது நிரம்பியிருக்க வேண்டும். தந்தையோ தாயோ உடன்வந்து பெயர் பதியவேண்டும். முதலுதவி தெரிந்த தாதியரும் சாரணர் ஆசிரியரும் ஓய்வுபெற்ற நில அளவையாளரும் கற்பிக்க முன்வந்தால், அவர்கள் பெயரையும் இக்கூட்டம் முடிந்தவுடன் இந்த மேசையில் எழுதிக்கொள்வோம். பெயர் தரும் ஒவ்வொருவரும் நாளைக் காலையிலிருந்து தம் முற்றத்தில் ஒரு பேணியை வைத்து, ஆறு மணிக்கு அளந்து, கொப்பியிற் குறித்துவரவேண்டும். மழை பெய்யாத நாளிற் பூச்சியம் என்று எழுதுங்கள், வெற்றிடமாக விடாதீர்கள். அந்தக் கொப்பியைப் பார்த்த பின்னரே அணிக்கு ஆள் எடுப்போம்.